மில்லியக்கா செய்த ஊசி

பட்டறையில் அவளை மில்லியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எந்த அளவைச் சொன்னாலும், "அது சரி, எத்தனை மில்லி?" என்று திருப்பிக் கேட்பாள். ஒரு சாண், ரெண்டு விரல், சுமாரா இவ்வளவு என்று கையை விரித்துக் காட்டுகிற பேச்செல்லாம் அவளிடம் எடுபடாது. ஒருமுறை இரும்பு இறக்க வந்த லாரிக்காரர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, சாராயக்கடை மில்லியை மனதில் வைத்துக்கொண்டு, "பாத்தா அப்படித் தெரியலயே" என்று நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். மில்லியக்கா டேப்பை இழுத்து அவருடைய லாரியின் பின்கதவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்தாள். "உங்க கதவு வலது பக்கம் பதினோரு மில்லி தொங்குது. நடுவழியில சரக்கு கொட்டறதுக்குள்ள சரி பண்ணிக்குங்க" என்றாள். லாரிக்காரரின் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அடுத்த வாரம் கதவைச் சரிசெய்ய அதே பட்டறைக்குத்தான் வந்தார்.

அது ஜன்னல் கிரில்லும் கேட்டும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்கிற பட்டறை. மேலே தகரக் கூரை, நடுவில் நீளமான இரும்பு மேசை. இடது மூலையில் வெட்டு மிஷின், வலது மூலையில் வெல்டிங். பின்சுவரை ஒட்டி, வெட்டி எறிந்த துண்டுகள் மலையாகக் குவிந்து கிடக்கும். மில்லியக்காவின் இடம் மேசையின் தலைப்பக்கம். வந்து இறங்கும் குழாய்களையும் பட்டைகளையும் அளந்து, எங்கே வெட்டுவது, எங்கே துளை போடுவது என்று கோடு போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அவள் கோடு போட்ட பிறகுதான் மற்றவர்களுக்குக் கை ஓடும்.

அவளை அந்தப் பட்டறைக்குக் கூட்டி வந்தவர் அவள் வீட்டுக்காரர். வெட்டு மிஷின் அவர் பொறுப்பு என்பதால் அங்கே அவருக்கு வெட்டுக்காரர் என்று பெயர். பதினாலு வருஷத்துக்கு முன்னால், முடிந்த சாமான்களுக்குச் சிவப்புப் பூச்சு அடிக்க ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னபோது, "எங்க வீட்டுல ஒரு ஆள் சும்மாதான் இருக்கு" என்று வாயை விட்டுவிட்டார். அந்தச் "சும்மா"வுக்காக அன்று வீட்டில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அவள் வந்தாள். அவருடைய பழைய முழுக்கைச் சட்டையை உடுப்புக்கு மேல் மாட்டிக்கொண்டு, இரண்டு வருஷம் தூரிகையும் கையுமாக இருந்தாள்.

பூச்சு அடிக்கிறவள் கண்ணுக்குத் தப்பாத ஒன்று உண்டு. தூரிகை எங்கே இடறுகிறதோ, எங்கே பெயிண்டைக் குடித்துக்கொண்டே போகிறதோ, அங்கே அளவு தப்பியிருக்கிறது. மில்லியக்கா ஒவ்வொரு இடறலையும் மனதில் குறித்து வைத்தாள். கோடு போடுகிற ஆள் தனியாகக் கடை வைக்கப் போனபோது, அடுத்த ஆள் கிடைக்கிறவரை என்று டேப் அவள் கைக்கு வந்தது. அதன்பிறகு முதலாளி அடுத்த ஆளைத் தேடவே இல்லை.

"பொண்டாட்டி கிழிச்ச கோட்டைத் தாண்டாத ஆளு" என்று தெருவில் வெட்டுக்காரரைக் கேலி செய்வார்கள். அவர் அதை மெடல் மாதிரி மாட்டிக்கொண்டார். "தாண்டினா இரும்புதானே வீணாகும்" என்பார். பத்து வருஷம் அப்படியே வண்டி ஓடியது.

அதற்குப் பிறகு எங்கேயோ இடிக்க ஆரம்பித்தது. ஒரு கிரில் உள்ளே நுழைய மாட்டேன் என்றது. ஒரு கைப்பிடி படிக்குப் படி எட்டாமல் நின்றது. இரண்டு துண்டுகளுக்கு நடுவில் விழுந்த சந்தை நிரப்பி நிரப்பி வெல்டர் புலம்பினார். "நான் ஒட்ட வைக்கிறேனா, குழி மூடுறேனா?" என்று கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு கேட்பார். மில்லியக்கா வெட்டுக்காரரைப் பார்ப்பாள். வெட்டுக்காரர் கோட்டைப் பார்ப்பார். பேச்சு அதோடு நிற்கும்.

நிற்காமல் போனது, ஒரு வாத்தியாரம்மா வீட்டு கேட் திரும்பி வந்த நாளில்.

இரட்டைக் கதவு கேட். மாட்டிப் பார்த்தால் கீழே இரண்டும் உரசுகின்றன, மேலே ஒரு விரல் நுழைகிறது. "இதைச் சாத்தினதா சொல்றதா, திறந்ததா சொல்றதா?" என்று வாத்தியாரம்மா கேட்டிருக்கிறார். கேட்டைத் திறந்த வண்டியில் ஏற்றித் தெரு முழுக்கப் பார்க்கும்படி திருப்பிக் கொண்டுவந்தார்கள். முதலாளி அதை மேசைமேல் போட்டு அளந்தார். ஒரே அளவாக இருக்க வேண்டிய குறுக்குக் குழாய்கள் ஒன்றுக்கொன்று நாலு மில்லி, அஞ்சு மில்லி முன்னே பின்னே இருந்தன.

"கோடா, வெட்டா?" என்றார் முதலாளி.

"நான் அளந்தது சரி" என்றாள் மில்லியக்கா. "வேணும்னா என் நோட்டைப் பாருங்க."

"நானும் கோட்டுமேலதான் வெட்டினேன்" என்றார் வெட்டுக்காரர்.

"கோட்டுல எந்தப் பக்கம்? உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"பக்கமா? நீ போடுறது கோடா, ரோடா? அதுல ரெண்டு வண்டி எதிரும் புதிருமா போகலாம்."

"அழுத்திப் போடு, அழுத்திப் போடுன்னு என் உயிரை எடுத்தது யாரு? நீங்கதானே!"

வெல்டர் குனிந்து ராடு பொறுக்குகிற மாதிரி சிரிப்பை மறைத்துக்கொண்டார். முதலாளி பக்கத்தில் இன்னும் வெட்டாமல் கிடந்த ஒரு குழாயின் சாக்பீஸ் கோட்டின்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "நாலு மில்லி. கோட்டோட அகலமே நாலு மில்லி. இதுல ரெண்டு பேருமே யோக்கியம்தான். போய் வேலையைப் பாருங்க."

அவர் சொன்னது தீர்ப்பு மாதிரி இருந்தாலும், மில்லியக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மில்லி மில்லி என்று ஊரையே மிரட்டுகிறவள், நாலு மில்லிக்குக் கோடு போட்டிருக்கிறாள்.

வீடு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒரே மகள் வேறு ஊரில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். அவள் படுத்த அறையில் இப்போது வெட்டுக்காரரின் அக்கா இருக்கிறார். நாத்தனார் என்றால் சண்டைக்காரி என்று நினைக்கிறவர்கள் இவரைப் பார்த்ததில்லை. தையல்கடையில் வேலை, வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும் என்பதால் பேச்சே குறைவு. அன்று மாலை புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பேச்சுவார்த்தை முழுவதும் அவர் வழியாக நடந்தது.

"அண்ணி, சாப்பாடு ஆறுதுன்னு உங்க தம்பிகிட்ட சொல்லுங்க."

"அக்கா, எனக்குப் பசியில்லன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் ஒரே ரூமுலதானே இருக்கீங்க?" என்றார் நாத்தனார். "என்னைத் தபால்காரி ஆக்காதீங்க. என்னதான் நடந்துச்சு?"

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு நாத்தனார் தன் பையிலிருந்து தையல் சாக்குக்கட்டியை எடுத்துக் காட்டினார். ஓரம் பிளேடு மாதிரி இருந்தது. "நாங்க நாலு கோட்டுக்கு ஒருதரம் இதைச் சீவிக்குவோம். தடிச்ச கோட்டை நம்பிக் கத்திரி வச்சா, சட்டை ஒருத்தருக்கு, கை இன்னொருத்தருக்குன்னு போயிடும்."

மறுநாள் காலை மில்லியக்கா ஒரு பெட்டி சாக்பீஸையும் பிளேடால் சீவி அடுக்கினாள். துணியில் நாலு கோடு தாங்குகிற கூர், இரும்பில் ஒரு கோட்டைக்கூடத் தாங்கவில்லை. சொரசொரத்த இரும்பு சாக்பீஸை மாவாக அரைத்துவிட்டது. இரும்பைக் கீறுவதற்கு இரும்பேதான் வேண்டும் என்று அவளுக்கு அப்போது பட்டது. கோடு கிழிக்கிற ஊசி கடையில் விற்கிறது என்று தெரிந்து முதலாளியிடம் கேட்டாள். முதலாளிக்கு இடது காது மந்தம். கேட்கப் பிடிக்காத பேச்சு வந்தால் அந்தக் காதைத்தான் காட்டுவார். அன்றும் காட்டினார்.

"சரி, நானே செஞ்சுக்கறேன்" என்று அவருடைய வலது காதுப் பக்கம் போய்ச் சொல்லிவிட்டு, பின்சுவர்க் குவியலைக் கிளற ஆரம்பித்தாள்.

முதலில் அகப்பட்டது ஒரு நீள ஆணி. கிரைண்டரில் கூராக்கினாள்; பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்று கோடு இழுத்ததும் முனை மழுங்கிப் பென்சில் மாதிரி ஆகிவிட்டது. வெல்டர் அதை வாங்கிப் பார்த்து, "இது வெறும் ஆணி அக்கா, மரத்தைத்தான் மிரட்டும். இதைவிடக் கெட்டியான இரும்பு பாருங்க, அரம் மாதிரி" என்றார்.

குவியலில் எலிவால் அரம் ஒன்று கிடந்தது. வட்டத் துளைகளைத் தேய்க்கிற ஒல்லி அரம். பல்லெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று ஆனபிறகு யாரோ தூக்கி எறிந்தது. மில்லியக்கா சாப்பாட்டு நேரத்தில் அதைக் கிரைண்டரில் பிடித்தாள். பொறி பறந்தது. முனை மெலிந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்தியதில் முனையில் மயில்கழுத்து மாதிரி நீலம் ஏறியது. அழகாக இருக்கிறதே என்று அவள் நினைத்தாள். கோடு இழுத்துப் பார்த்தால் ஆணியைவிட மோசம்.

"நீலம் ஏறிட்டா உயிர் போச்சுன்னு அர்த்தம்" என்றார் வெல்டர். "சூடு தாங்காது அதுக்கு. ரெண்டு விநாடி தேச்சா ஒருதரம் தண்ணியில முக்கணும். அவசரப்படக் கூடாது."

"என்கிட்ட முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"கேக்கவே இல்லயே. முதலாளிகிட்டதானே கேட்டீங்க."

செத்த முனையை ஒடித்துப் போட்டாள். பக்கத்தில் டப்பாவில் தண்ணீர் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். தொட்டு எடுப்பது, முக்குவது, தொட்டு எடுப்பது, முக்குவது. அந்த ஒரு முனைக்கு மூன்று நாள் சாப்பாட்டு நேரம் போனது. கைப்பிடிக்கு மெல்லிய குழாய்த் துண்டு ஒன்று எடுத்தாள். உருண்டையாக இருந்தால் மேசையிலிருந்து உருண்டு விழுந்து முனை போய்விடும் என்று, ஆறு மூலை நட்டு ஒன்றை அதன் நுனியில் வெல்டரைக் கொண்டு ஒட்ட வைத்தாள். அந்தச் சூடு ஆறியபிறகுதான் அரத்தைக் குழாய்க்குள் செருகி, வாயைச் சுத்தியலால் தட்டி இறுக்கினாள். சட்டைப் பையைக் கிழிக்காமலிருக்க, தீர்ந்துபோன பேனாவின் மூடி அதற்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

வெட்டுக்காரர் இத்தனை நாளும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊசியெல்லாம் தயாராகுது. யாரைக் குத்தறதா உத்தேசம்?"

"கோடு தாண்டறவங்களை."

வாத்தியாரம்மா கேட்டுக்குப் புதிய குழாய்கள் வந்தன. மூலைமட்டத்தை வைத்து, அதன் ஓரமாக ஊசியை ஒருமுறை இழுத்தாள். கறுத்த இரும்பில் வெள்ளி முடி ஒன்று ஒட்டிக்கொண்ட மாதிரிக் கோடு விழுந்தது. ஈரக்கையால் தேய்த்தாலும் போகவில்லை. அவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. அடுத்த குழாயிலும் இழுத்தாள், அதற்கடுத்ததிலும் இழுத்தாள்.

வெட்டுக்காரர் குழாயை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். "கோடு எங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். கோடு பெரிசாக இருக்கிறது என்று குத்திக்காட்டிய மனுஷன் இப்போது இல்லவே இல்லை என்கிறாரே என்று வெல்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மில்லியக்காவுக்கு மட்டும் சுருக்கென்றது. "வீம்புக்குன்னே பேசாதீங்க" என்றாள். அவர் குழாயை விரலால் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. மிஷினில் வைத்து வெட்டினார்.

வெட்டு அச்சு மாதிரி விழுந்தது. அன்று வெட்டிய எட்டும் அப்படித்தான். புதிய கேட்டை மாட்டிவிட்டு வந்தவர்கள், வாத்தியாரம்மா தானே நாலுமுறை திறந்து சாத்திப் பார்த்தார் என்றார்கள். அடுத்து வந்த இருபத்திரண்டு ஜன்னல் கிரில்லில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. வெல்டர் புலம்புவதை நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பித்தார். புலம்பலே தேவலை என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். வீட்டில் பேச்சு பழையபடி நேர்வழிக்கு வந்தது. நாத்தனாரின் தபால் உத்தியோகம் போயிற்று.

எல்லாம் ஊசியின் புண்ணியம் என்றுதான் மில்லியக்காவும் நம்பினாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில், வெட்டுக்காரருடைய இடது கையுறை அவர் பின்பாக்கெட்டில் தொங்குவதைக் கவனித்தாள். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மறக்கிற ஆள். என்ன இது என்று கண் வைத்தாள். அவர் குழாயை மிஷினில் பொருத்தினார். இடது கட்டைவிரல் நகத்தால் குழாயின்மேல் மெல்ல வருடிக்கொண்டே வந்தார். கோட்டின் கீறலில் நகம் மாட்டியதும் அங்கேயே நிறுத்தினார். நகத்தை எடுக்காமல், சுற்றிக்கொண்டிருக்கிற சக்கரத்தை அதற்குப் பக்கத்தில் இறக்கினார். கண்ணால் அவர் அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை.

சக்கரத்துக்கும் அந்த நகத்துக்கும் நடுவில் எத்தனை மில்லி என்று மில்லியக்காவின் மனம் தானாக அளந்தது. ஏழு. எட்டுகூட இல்லை.

அதன்பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார்; எல்லா நாளும் ஒரே செய்திதான் என்று சொன்னார். மகளிடமிருந்து போனில் செய்தி வந்தால், "நீயே படிச்சுச் சொல்லு, உன் குரல்ல கேட்டா நல்லாருக்கு" என்பார். அதைக் கேட்டு அவள் உச்சி குளிர்ந்து போயிருக்கிறாள். எப்போதிருந்து "அழுத்திப் போடு" என்று கேட்க ஆரம்பித்தார்? இரண்டு வருஷம் இருக்கும். இவர் கேட்கக் கேட்க இவள் கோட்டைத் தடிமனாக்கிக்கொண்டே போயிருக்கிறாள்.

எல்லார் எதிரிலும் கேட்டால் மனுஷன் மானம் போகும். மற்றவர்கள் டீக் குடிக்க வெளியே போகிறவரை காத்திருந்தாள். பளபளப்பான பட்டை ஒன்றை எடுத்து, அதில் ஊசிக்குப் பதிலாகப் பென்சிலால் கோடு போட்டாள். கண்ணுக்குத் தெரியும், நகத்தில் மாட்டாது.

"இதை மட்டும் வெட்டிக் குடுத்துட்டுப் போங்க."

வெட்டுக்காரர் பட்டையை வாங்கினார். நகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினார். திரும்ப ஓட்டினார். வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "இதுல கோடு போட மறந்துட்டே."

"போட்டிருக்கேங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று புரிந்திருக்க வேண்டும். பட்டையை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"தூரத்துல இருக்கறது நல்லாத்தான் தெரியுது. அந்தத் தெருமுனை போர்டைக்கூடப் படிப்பேன். கையில இருக்கறதுதான்…" என்று இழுத்தார். "ஆரம்பத்துல சாக்பீஸ் கோடு புகை மாதிரியாவது தெரிஞ்சுது. ஒரு குத்துமதிப்பா வெட்டிடுவேன். நீ ஊசி செஞ்ச அன்னிக்கு, சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். விரல் வச்சுப் பாத்தா கோடு மாட்டுது. அப்பாடான்னு இருந்துச்சு."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா? மிஷினை விட்டு இறக்கிப் பூச்சு அடிக்க விட்டுடுவாங்க. இருபது வருஷம் வெட்டின கை."

"பூச்சு அடிச்சா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க? நான் அடிக்கலயா?" என்று சொல்ல வந்தவள், அவர் விரலைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். அந்தக் கையை எடுத்துக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தின் ஓரத்தில் சக்கரம் உரசிய தடம் ஒன்று இருந்தது. "இந்த விரல் போயிருந்தா, அந்த ஊசியை நான் எந்தக் கையால மறுபடி தொடறது?" என்றாள். முழுக்கைச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்தாள். இத்தனை பேர் நடுவில் இவரைப் பிடி பிடி என்று பிடித்தோமே என்று உள்ளுக்குள் அறுத்தது.

"அழுவறியா?"

"இரும்புத் தூசி."

அன்று சாயங்காலமே கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாத்தனாரும் கூட வந்தார். தம்பி பாதி வழியில் நழுவினால் மறிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். கடைக்காரர் சின்ன எழுத்து அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது வெட்டுக்காரர் முதல் இரண்டு வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். அது சுவரில் தொங்கிய பெரிய அட்டையின் வரி என்று கடைக்காரர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நாத்தனார் சத்தமாகச் சிரித்து மில்லியக்கா பார்த்தது அன்றைக்குத்தான்.

நாலாம் நாள் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற மில்லியக்காவின் முகத்தைப் பார்த்தார். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தார்.

"மூக்குப் பக்கத்துல இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

"கல்யாணத்தன்னிக்கே இருந்துச்சு."

"அப்ப நரை?"

"அதுவும் அப்பவே இருந்துச்சுன்னு வச்சுக்குங்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் அவளுடைய போனைக் கேட்டு வாங்கினார். ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மகள் இரண்டு வருஷமாக அனுப்பியிருந்ததை எல்லாம் முதலிலிருந்து படித்தார். இடையிடையே, "இதை நீ எனக்குச் சொல்லவே இல்லயே" என்பார். "அம்மா, அப்பாகிட்ட சொல்லாதேன்னு எழுதியிருக்கா பாருங்க, அதனாலதான்" என்பாள் அவள். ஒரு பரீட்சையில் தவறியதும், பிறகு எழுதித் தேறியதும், விடுதியில் ஒரு பூனை குட்டி போட்டதும் எல்லாம் அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மகளுக்குப் பதில் எழுத ஒற்றை விரலால் கால்மணி நேரம் போராடினார். போன வருஷம் பிறந்த பூனைக்குட்டிகளைப் பற்றி அப்பா இன்றைக்கு விசாரிக்கிறாரே என்று மகள் பதறிப்போய் உடனே கூப்பிட்டாள்.

முதலாளியிடம் அவர் தானாகவே போய்ச் சொன்னார். சொல்லும்போது வலது காதுப் பக்கம்தான் நின்றார். முதலாளி அந்தக் கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குக் காது, உனக்குக் கண்ணு. இந்தப் பட்டறையில மில்லிக்கு மட்டும்தான் எல்லாம் ஒழுங்கா இருக்குபோல" என்றார்.

"அவங்களுக்கு வாய் கொஞ்சம் கூடுதலா இருக்கு" என்றார் வெல்டர் மூலையிலிருந்து.

மிஷினை விட்டு யாரும் அவரை இறக்கவில்லை. இடது கையுறை கைக்குத் திரும்பியது. மில்லியக்கா குவியலிலிருந்து தேய்ந்த அரங்களைப் பொறுக்கி, வெல்டருக்கு ஒன்று, வெளியே மாட்டப் போகிற இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று என்று ஊசிகள் செய்து கொடுத்தாள். கைப்பிடியில் அவரவர் அடையாளமாக ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று குத்தினாள். முதலாளியும் ஒருநாள் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கும் ஒண்ணு" என்றார். அவள் இடது காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்தாள். பட்டறையே கொல்லென்று சிரித்தது. மறுநாள் அவருக்கும் செய்து கொடுத்தாள்.

கண்ணாடி வந்து ஒரு மாதம் இருக்கும். வெட்டுக்காரர் ஒரு குழாயைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். "ஒரு மில்லி குறையுதே" என்றார்.

"எதுல?"

"உன் கோட்டுல. நேத்து வெட்டினதோட ஒட்டி வச்சுப் பாத்தேன்."

வெல்டர் வேலையை நிறுத்தினார். மில்லியக்கா டேப்பைப் பிடுங்கி அளந்தாள், சரியாக இருந்தது. அவர் முதலாளியின் ஸ்கேலை எடுத்து வந்து வைத்தார். ஒரு மில்லி குறைந்தது. டேப்பைத் திருப்பிப் பார்த்தாள். முனைக் கொக்கி எப்போதோ கீழே விழுந்து லேசாக வளைந்திருந்தது. காலையிலிருந்து கோடு போட்ட ஒன்பது குழாயும் அதே கதை. நல்லவேளை, எதுவும் மிஷினுக்குப் போகவில்லை.

எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஊசியை எடுத்து மூடியைக் கழற்றினாள். "நீங்க சொல்றது சரிதாங்க. எல்லாத்தையும் கொண்டாங்க, மாத்திப் போட்டுடறேன்" என்றாள்.

வெட்டுக்காரருக்கு அதற்குமேல் அதைக் கொண்டாடத் தெரியவில்லை. ஒன்பது குழாயையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவள் கோடு மாற்றிக் கொடுக்கக் கொடுக்க, வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். ஐந்தாவது குழாயில் கண்ணாடியில் தூசி படிந்துவிட்டது. கழற்றினார். தன் சட்டை அழுக்காக இருந்ததால், அவள் மாட்டியிருந்த அந்தப் பழைய முழுக்கைச் சட்டையின் கையைப் பிடித்து இழுத்து அதில் நிதானமாகத் துடைத்தார். கோடு கோணலாகிவிட்டது.

"கையை விடுங்க!"

"இது என் சட்டைதானே?"

"பதினாலு வருஷமா என் சட்டை."

கோட்டுச் சண்டை அவர்களுக்குள் அதன்பிறகு வரவே இல்லை. சட்டைச் சண்டை மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது வந்தது. அதற்கு முதலாளியாலும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை, நாத்தனாராலும் முடியவில்லை.